லேத்ராப் பார்த்த ஒரே ஆட்டம்

1908 நவம்பர் 9, திங்கள்

என்னைப் பற்றி எழுதி மையை வீணாக்குவதற்கு முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் எழுத உட்கார்ந்ததில்லை. பட்டம் வாங்கியவளும் நான் ஒருத்திதான். பத்திரிகை அலுவலகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் சொல்வதைத் தட்டச்சு செய்கிறேன். வாய் திறந்தால் முகம் சிவந்துவிடும். இங்கேயாவது பேசிப் பார்க்கிறேன்.

தம்பி வொய்டாவுக்குக் கல்லூரியில் இது கடைசி வருடம். பந்தைக் கையில் ஏந்தி, ஆளோடு ஆள் மோதி ஆடும் இந்த அமெரிக்க ஃபுட்பாலில் முன்வரிசைக்காரன். எங்கள் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் லேத்ராப், விளையாட்டுக் கூட்டமைப்பின் ஆறு கல்லூரிகளிலிருந்தும் சிறந்த பதினோரு பேரை டிசம்பரில் அறிவிப்பார். அதில் பெயர் வந்தவனை ஏதாவது ஒரு பள்ளி ஃபுட்பால் பயிற்சியாளராகக் கூப்பிட்டுக்கொள்ளும். வராதவன் அப்பாவைப் போல இறைச்சி ஆலைக்குப் போகலாம்.

நவம்பர் 14, சனி

எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் வொய்டாவின் காதுக்குப் பின்னால் இடித்தது. கொஞ்ச நேரம் படுத்திருந்தான். எழுந்து ஆடினான். வெளியே போனவன் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது. அதனால் ஒருவனும் போவதில்லை.

நவம்பர் 17

விளக்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். காலையில் காப்பியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினான். "யாருடா அந்தப் பொண்ணு?" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 20

"அக்கா, லேத்ராப் எந்த ஆட்டத்துக்கு வர்றாரு?"

"வர்ற வியாழக்கிழமை, நன்றி நாள் விடுமுறை ஆட்டத்துக்கு மட்டும்தான்டா. மத்ததெல்லாம் கேட்டு எழுதிக்குவாரு."

தட்டிலிருந்த கசகசா ரொட்டியைத் தின்று முடித்தான். மறுபடி கேட்டான். அதே கேள்வி, அதே குரல்.

நாளைக்கு ஆட்டம் இல்லை. அது ஒன்றுதான் நிம்மதி.

நவம்பர் 24

பயிற்சியாளர் ப்ரூயிட்டைப் போய்ப் பார்த்தேன். நானா போனேன்? நானேதான்.

"அவனுக்குத் தலை சரியில்லைங்க."

"ஃபுட்பால்காரனுக்குத் தலை எதுக்கும்மா? தோள் நல்லாத்தானே இருக்கு."

சுற்றி நின்ற பையன்கள் கெக்கலித்தார்கள்.

வீட்டில் வொய்டா கத்தினான். "மானத்தை வாங்கிட்டியே! ஒரே ஒரு நாள் அக்கா. அந்த ஆளு ஒரு தடவை என்னைப் பாத்துட்டா போதும். அப்புறம் நீ சொல்ற டாக்டர்கிட்ட வர்றேன்."

அப்பா சட்டையில் ரத்த வாடையோடு உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 26, வியாழன்

முதல் பாதியில் வொய்டாவைத் தாண்டி ஒருவனும் போகவில்லை. லேத்ராப் எழுந்து நின்று பார்த்தார்.

இரண்டாம் பாதியில் — எதிரணியின் வரிசையில் போய்க் குனிந்து நின்றான். தன் பக்கத்து ஆட்களையே முறைத்துக்கொண்டு.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. "டேய், கட்சி மாறிட்டான்டா!"

அணித்தலைவன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, குழந்தையைக் கூட்டிவருவதுபோல் கூட்டிவந்து, அவன் இடத்தில் நிறுத்தினான். வெளியே அனுப்பவில்லை. ஏன் அனுப்பல? அனுப்பினா திரும்ப வர முடியாதே, அதான். நான் ஏன் வேலியைத் தாண்டி ஓடல? கால் என்னோடதுதானே?

ஜெயித்துவிட்டோம்.

நவம்பர் 27

எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. மருத்துவர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். மூச்சு இருக்கிறது.

நவம்பர் 29

மூச்சும் நின்றுவிட்டது.

டிசம்பர் 2

நேற்று அடக்கம் முடிந்தது. இன்று அப்பா ஆலைக்குப் போய்விட்டார்.

அலுவலகத்தில் லேத்ராப் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கவலைப்படாதம்மா. அவன் பேரு கண்டிப்பா வரும்."

"நன்றிங்க" என்றேன். எதுக்கு நன்றி?

டிசம்பர் 4, வெள்ளி

லேத்ராப் சொல்லச் சொல்ல, பதினோரு பெயர்களையும் தட்டினேன். முன்வரிசை, இடது பக்கம்: வொய்டா ஹ்ரூஷ்கா. அந்தப் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டினேன். அவன் சம்பாதித்ததுதான் அது.

அடுத்து ஒரு வரி சொன்னார்: "நிலைகுலைந்த பின்னும் களத்தைவிட்டு நீங்க மறுத்த இந்த வீரனைப் பார்த்து, நம் மாநிலத்துச் சிறுவர்கள் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும்."

விரல் நின்றுவிட்டது.

"என்னம்மா, வேகமா சொல்றேனா?"

இல்லையென்று தலையாட்டினேன். அதையும் தட்டினேன். தாளை உருவிக் கொடுத்தேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு அச்சுக்கூடத்துப் பக்கம் நடந்தார்.

பின்னாலேயே போனேன். முகம் சிவந்திருக்கும், சிவக்கட்டும்.

"ஐயா... அவன் பேரு இருக்கட்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க."