முதற்பிரதியை அப்பாவுக்குக் கொடுத்த நாள்

இன்று காலை அண்ணையின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாட்டிக் கடற்கரைக்குப் போனேன். கரையில் ஒருவர் வலையில் அகப்பட்ட திருக்கையை மணலில் போட்டுக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். அது செத்த பிறகும் அடித்தார். அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. உமது தலையில் கதிரை விழுந்தபோது கேட்டதும் அதுதான். பிள்ளைகளைப் பாதியில் இழுத்துக்கொண்டு வந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

உமது நாவலை முதலில் கேட்டவள் நான். குசினியில் மீனைப் பொரித்துக்கொண்டே வாசிப்பீர். மத்தியதரைக் கடலில் ஒரு தீவு, எப்போதோ ஒரு பழைய காலம். கடற்றொழில் செய்கிறவரின் மகளும் வேற்று மதத்து வியாபாரியின் மகனும் காதலிக்கிறார்கள். மண்டைதீவைத் தாண்டினாலே பஸ்ஸில் தலை சுற்றுகிற பொம்பிளை, மத்தியதரைக் கடலுக்குப் போய்விட்டீர் என்று பகிடி பண்ணுவேன்.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. தகப்பனும் தமையனும் அவளைப் படகுக் கொட்டிலில் கட்டிவைத்துக் காதலனின் பெயரைக் கேட்கிறார்கள். தகப்பன் அவளுடைய விரல்களை முறிக்கிறான். அவள் சொல்லவில்லை. தலையில் அடித்துக் கொன்று கடலில் போட்டுவிட்டு, தானாக விழுந்து செத்தாள் என்று ஊருக்குச் சொல்கிறார்கள். சோளகக் காற்று பிரேதத்தைக் கரையில் ஒதுக்குகிறது.

"இது கடலிலை செத்த உம்மடை அக்கா எல்லே?" என்றேன்.

"இல்லை. இது வேறை கடல்."

"வேறை கடலிலை சோளகம் வீசுமோ?"

நீர் மீனைப் புரட்டிப் போட்டீர். "பிரேதத்தைக் கரைக்குக் கொண்டு வர எனக்கு வேறை காத்துத் தெரியாது."

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னீர். சின்னப் பிள்ளையாகக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறீர். தற்கொலை என்று சொல்லி உமது அக்காவைச் சேமக்காலை மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். அவர்கள் கேட்ட பெயர் என் அண்ணையின் பெயர்; உம்மையும் என்னையும் தவிர ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. தன்னால்தான் அவள் கடலில் விழுந்தாள் என்று நம்பி நாட்டைவிட்டே போனவர் அவர். எங்கள் வீட்டாரும் அறிந்திருந்தால் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

"அண்ணைக்கு இப்ப சொல்லாதையும். புத்தகம் வரட்டும்," என்றீர்.

வெளியீட்டு விழாவில் முதற்பிரதியை உமது அப்பாவுக்குக் கொடுத்தீர். எழுத வாசிக்கத் தெரியாத மனிதர், வெள்ளை வேட்டியோடு பெருமையாக வாங்கிக்கொண்டார். நீர் அந்த அத்தியாயத்தை எடுத்து உரத்து வாசித்தீர். மண்டபத்தில் இருந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். வாசித்து முடிய அவர் எழும்பினார்.

"பிழையாய் எழுதிப்போட்டாய். விரலை முறிச்சது நானில்லை," என்று மகனைக் காட்டினார். "அது இவன். எவ்வளவு அடிச்சும் அவள் பேர் சொல்லேல்லை."

உமது தமையன் தான் இருந்த கதிரையைத் தூக்கினான். "ஆரடி அவன்? உனக்குத் தெரியும். சொல்லு."

முன்வரிசையில் இருந்த என் பக்கம் உமது கண் திரும்பவே இல்லை. "அக்கா சொல்லாததை நான் சொல்லுவனோ?" என்றீர்.

முதல் அடியில் விழுந்தீர். நான் பாய்ந்து குறுக்கே விழுந்தேன். அடுத்தது என் தோளில் இறங்கி எலும்பை உடைத்தது. என்னை உதைத்துத் தள்ளிவிட்டு மறுபடியும் உம்மை அடித்தான். நாலு பேர் சேர்ந்து பிடிக்கும்வரை அடித்தான், பெயரைக் கேட்டுக்கேட்டு அடித்தான். மேசையில் அடுக்கியிருந்த புத்தகங்களெல்லாம் இரத்தம். ஆஸ்பத்திரியில் நீர் கண்ணைத் திறக்கவே இல்லை.

உம்மில் எனக்கு இன்னும் கோபம்தான். ஒரு பொய்ப் பெயரையாவது சொல்லியிருக்கலாமே, அறிவுகெட்டவளே.

தமையன் மறியலில், சிறைக்குள் இருக்கிறான். அப்பா வழக்குக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். சேமக்காலை மதிலின் அந்தப் பக்கத்தை இடித்து, அக்காவின் குழியை உள்ளே எடுத்துக் கட்டினார்கள். நீர் அவவுக்குப் பக்கத்தில்.

இந்த முறை ஊருக்கு வந்த அண்ணைக்கு நேற்று முழுவதையும் சொன்னேன். அழவில்லை. நேரே சேமக்காலைக்கு நடந்தார். இடது கையைத் தூக்க முடியாமல் நான் பின்னால் ஓடினேன். பக்கத்தில் உமது சொந்தக்காரர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணை அக்காவின் குழியடியில் நின்று தன் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். புளியங்கூடல் என்று ஊரையும் சொன்னார். எல்லாருக்கும் கேட்க, உரத்து, திரும்பத் திரும்பச் சொன்னார்.

வலையை வைத்துவிட்டு அவர்கள் எழும்பினார்கள். நான் அண்ணையைத் தடுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.