அகானிசி மறித்த மூன்று ஓட்டங்கள்

மே 6, திங்கள்

அகானிசி சந்தையில் கிழங்கு விற்றுவிட்டு ரக்பி காலணிகளோடு வந்தாள். பெண்கள் அணியில் சேர்ந்துவிட்டாளாம். புருஷனான என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பிள்ளை பெத்தவளுக்கு இது எதுக்கு? ஊர் சிரிக்கும்."

"உன் முட்டி போச்சுன்னா என் முட்டியுமாய்யா போச்சு?"

முட்டி உடையும்வரை ஊருக்காகப் பத்து வருடம் ரக்பி ஆடியவன் நான். என்னிடமே!

மே 14, செவ்வாய்

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். "பயிற்சிக்குப் போனா திரும்பி வராதே."

போனாள். வரவில்லை. மகள் லோசானாவோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

மே 17

கிழங்கு வெந்ததா, வேகாததா? தெரியாமலே தின்றேன்.

மே 25, சனி

ஆட்டம் பார்க்கப் போனேன். சிங்காடோக்கா மைதானத்தில் கூட்டத்துக்குள் ஒளிந்து நின்றேன்.

எதிரே நாந்தி ஊர் அணியில் ஒருத்தி, பனைமரம் போல. பந்தோடு அவள் ஓடி வந்தபோதெல்லாம் எங்கள் பெண்கள் சிதறினார்கள். அகானிசி சிதறவில்லை. குனிந்தாள், தோளைக் கொடுத்தாள். இருவரும் சேற்றில். மறுபடி அவள் வந்தாள், மறுபடி இவள் சாய்த்தாள். மூன்றாம் முறை எங்கள் எல்லைக்கோட்டுக்கு ஒரு கை தூரம். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இவள் பின்னால் தள்ளினாள் — தள்ளினாள்! அந்த மலையை!

பக்கத்தில் ஒரு கிழவர், "யாரு பொண்டாட்டிடா அது?" என்றார். 'என் பொண்டாட்டி' என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பன்னிரண்டுக்குப் பத்து. தோற்றோம்.

தோற்றார்கள் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?

இரண்டு அணியும் வட்டமாக மண்டியிட்டுத் துதிப்பாடல் பாடின. அந்தப் பனைமரம் அகானிசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. இத்தனை வருடம் இவளோடு படுத்து எழுந்தும் இவள் யாரென்று எனக்குத் தெரியாமல் போயிற்றே!

மே 27, திங்கள்

வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கப் போகக்கூடாது. எங்கள் வழக்கப்படி, பானம் கரைக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை அவள் அண்ணன் ரத்து மேலியின் பாயில் வைத்துத் தலை குனிந்து உட்கார்ந்தேன். வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டார்.

"என் மனசு ஆறிடுச்சு மச்சான். ஆனா கேக்க வேண்டியது என்னையில்ல, அவளை."

அவள் வாசலில் நின்றாள். கண்ணுக்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்தது.

"செவ்வாயும் வியாழனும் பயிற்சி. சம்மதமா?"

"சம்மதம்."

"சத்தமாச் சொல்லுய்யா, அண்ணனுக்குக் கேக்கல."

ஜூன் 6, வியாழன்

மழை. அவள் இன்னும் மைதானத்திலிருந்து வரவில்லை. மீன் குழம்பு வைத்து மூடியிருக்கிறேன்.

லோசானா தலையணையைக் கட்டிப்பிடித்து உருண்டுகொண்டிருந்தாள். "அப்பா, பெரிய ஆளை எப்படிப்பா சாய்க்கிறது?"

"எனக்குத் தெரியாதும்மா. அம்மா வரட்டும், கேப்போம்."