ஒப்பீட்டுக் கரை

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சி முதல் நாள். தலைமை ஆலோசகர் அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதில்லை. வெயிலில் அலைந்து களப்பணி செய்கிறவர் என்று நாம் நம்ப வேண்டுமாம். ஏசி அறையில், பதினெட்டு டிகிரியில். இனி இந்த நோட்டில் அவர் பெயர் தொப்பி.

'மீள்திறன்' என்றால் என்னவென்று இரண்டரை மணி நேரம் விளக்கினார். வட்டம், வட்டத்துக்குள் வட்டம், அம்புக்குறி, மறுபடி வட்டம். பின்வரிசையில் ஒருத்தி என் காதருகே குனிந்து, "மேடம், மீன் திறன்னா நீச்சலா?" என்றாள். தொப்பியின் விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது.

நான் களமேற்பார்வையாளர். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் வாசலில் நின்று கேள்வி கேட்டுப் பிழைப்பு. கொசுவலை, கழிப்பறை, அடுப்பு, இப்போது காலநிலை. வாய்க்காலின் இரண்டு கரைகளிலும் உள்ள குடும்பங்கள் இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்று திட்டம் தொடங்குமுன் எழுதி வைக்க வேண்டும். அடிப்படை மதிப்பீடு. மூன்று வருடம் கழித்து இதே கேள்விகளோடு வந்து, எவ்வளவு தேறினார்கள் என்று பார்ப்பார்கள். மொத்தம் தொண்ணூற்று நான்கு கேள்விகள்.

மேற்குக் கரையில் என் அக்கா வீடு. அதை அறையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. போன வெள்ளத்தில், என் வீட்டுக்கு வந்து இரு என்று கெஞ்சினேன். "எட்டாவது மாடியில காயப்போட்ட துணி மாதிரி தொங்கறதுக்கு நான் என்ன உன்ன மாதிரி தனிக்கட்டையா?" என்றாள். கிட அங்கேயே என்று போனை வைத்தேன். கிடக்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

முன்னோட்டமாகக் கிழக்குக் கரையில் சில வீடுகளில் கேட்டுப் பார்த்தோம். என் குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். எந்தக் கதவை எப்படித் தட்டினால் திறக்கும் என்று தெரிந்த ஒரே ஆள்.

ஒரு தையல்காரரிடம் பன்னிரண்டாம் கேள்வி: "காலநிலை மாற்றம் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

"போன தடவை தண்ணி மெஷின் பெல்ட் வரைக்கும் வந்துச்சு. அதுக்குப் பேரு வச்சுட்டாங்களா?"

டேப்லெட்டில் இருப்பது இரண்டே பதில்: ஆம், இல்லை. 'இல்லை' என்று போட்டோம். அதாவது தையல்காரருக்கு விழிப்புணர்வு சுழியம்.

மார்ச் 7

அறுபத்தொன்றாம் கேள்வியைத் தொப்பியே மொழிபெயர்த்தாராம். "உங்கள் உள்ளார்ந்த தாங்கு நம்பிக்கையை ஒன்று முதல் ஐந்துக்குள் வைக்கவும்." எங்கே வைப்பது? அலமாரியிலா?

மார்ச் 10, திங்கள்

கணினியில் குலுக்கிப் போட்டார்கள். கிழக்குக் கரைக்குத் திட்டம்: சாக்கடையை ஆழமாக்குவார்கள், வாசற்படியை உயர்த்துவார்கள், பம்பு வைப்பார்கள், மழைக்கு முன் போனில் எச்சரிக்கை வரும். மேற்குக் கரைக்கு எதுவும் இல்லை. அது ஒப்பீட்டுப் பகுதி. அவர்களுக்குக் கேள்விகள் மட்டும்.

தபால்காரர் எழுந்து கேட்டார்: "சார், மேற்குக் கரைல நாங்க என்ன சொல்றது?"

"எதுவும் சொல்ல வேண்டாம். தெரிஞ்சா அவங்க நடத்தை மாறிடும்" என்றார் தொப்பி. அப்புறம், "எல்லாருக்கும் செய்ய முடியாது. குலுக்கல்தான் நியாயம். பக்கத்துல ஒப்பிட ஆள் இல்லன்னா எது உதவுச்சு, எது உதவலன்னு எப்படித் தெரியும்?"

அந்த மனிதர் சொன்னதிலேயே சரியானது இதுதான். அதுவே எரிச்சலாக இருக்கிறது. சொந்தக்காரர் வீடு இருந்தால் மேற்பார்வையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி. நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? வேறு யாராவது அக்கா வாசலில் போய் நிற்பார்களே என்றா? தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

மேற்குக் கரை. அக்கா வீட்டைத் தபால்காரரிடம் தள்ளிவிட்டுத் தெருமுனையிலேயே நிற்கலாம் என்று திட்டம். அவள் விடுவாளா? ஒன்றரை வருடம் பேசாதவள் நடுத்தெருவில் கையைப் பிடித்து இழுத்தாள். "என் தங்கச்சிதான் இதுக்கெல்லாம் பெரிய அதிகாரி." சுற்றி எட்டுப் பத்துப் பேர். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் அதிகாரியாம்! அலுவலகத்தில் எனக்கென்று ஒரு நாற்காலிகூட இல்லை.

உள்ளே கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் அடியில் செங்கல். சுவரில் இடுப்பளவுக்குக் கீழே பெயின்ட் உப்பிப் பொரிந்து நிற்கிறது. தேநீர் கொடுத்தாள். ஒப்புதல் படிவத்தைப் படித்தேன், தொண்ணூற்று நான்கையும் கேட்டேன். நம்பிக்கை ஒன்று முதல் ஐந்துக்குள்? "ஆறு போடு. நீ வந்துட்டல்ல."

கிளம்பும்போதுதான் சொன்னாள். மழைக்கு முன் தெரு ஆட்கள் சேர்ந்து, சாலைக்கு அடியில் போகிற பெரிய சாக்கடைக் குழாயைத் தாங்களே சுத்தம் செய்வார்கள். வருடா வருடம் நடக்கிறது. "இந்தத் தடவை வேணாம்னு சொல்லிட்டேன். ஆபீஸே வந்து பண்ணப்போகுது, நாம எதுக்கு சேத்துல எறங்கணும்?"

நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்.

மார்ச் 17, திங்கள்

தொப்பியிடம் போனேன். நம்மைப் பார்த்த நம்பிக்கையில் அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலையையே நிறுத்திவிட்டார்கள். நாம் வராமல் இருந்திருந்தால் குழாயாவது சுத்தமாகியிருக்கும் என்றேன். முழுக்கக் கேட்டார். கண்ணில் ஒரு பளபளப்பு.

"ரொம்ப சுவாரஸ்யமான கவனிப்பு. பின்னிணைப்புல சேத்துடலாம்."

மார்ச் 18

பின்னிணைப்பு!

மார்ச் 22, சனி

காலையில் போய்ச் சொல்லிவிட்டேன். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். குலுக்கல், கிழக்கு, மேற்கு, எல்லாம். அவள் ஒரு சட்டைக் காலரையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"பின்ன எதுக்குடி எங்கள உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் கேட்ட?"

"ஒப்பிட்டுப் பாக்க."

"அதாவது நாங்க முழுகறதக் காட்டி, அவங்க முழுகலன்னு சொல்றதுக்கு."

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? இவ்வளவு சுருக்கமாகத் தொப்பிகூடச் சொல்லவில்லை.

படிவத்தில் இருந்ததே என்றேன் — இப்போது எழுதவே கூசுகிறது. நேரடிப் பயன் ஏதும் கிடைக்காது என்று நான் படித்தேனே என்றேன். "படிச்ச. நீ படிச்ச வேகத்துக்கு அதுல என் பேரு இருந்திருந்தாக்கூட எனக்குக் கேட்டிருக்காது."

உண்மை. பத்தொன்பது வருடத்தில் நான் தேறிய ஒரே வித்தை அது. அந்த வரியை மட்டும் யார் காதிலும் விழாத மாதிரி படிப்பேன். மூச்சு விடுகிற இடத்தை மாற்றினால் போதும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். தொப்பியைப் பார்த்துச் சிரிக்கிறேனாம் நான். நான்!

அக்கா வாசல்வரைகூட வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

மேற்குக் கரையில் மீதமிருந்த வீடுகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. தபால்காரர் வேர்த்துக் கொட்டி வந்தார். "முப்பது வருஷம் தபால் போட்டேன் மேடம். நாய் தொரத்தியிருக்கு. ஆளு தொரத்தினது இன்னைக்குதான்."

தொப்பி போன் செய்தார். திடீரென்று இத்தனை பேர் ஏன் மறுக்கிறார்கள்? 'காரணம் தெரியவில்லை' என்று ஒரு கட்டம் டேப்லெட்டிலேயே இருக்கிறது. அதை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம்.

நான்தான் சொன்னேன் சார் என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

பணிநீக்கக் கடிதம். மிக நாகரிகமான மொழி. சொந்த அக்கா வீட்டை மறைத்தது முதல் குற்றம். சரிதான், அதில் வாயே திறக்க முடியாது. இரண்டாவது: என் செயலால் "ஒப்பீட்டுப் பகுதி மாசுபட்டுவிட்டது".

மாசுபட்டுவிட்டது! அந்த வாய்க்காலில் சாயக்கழிவு முப்பது வருடமாக ஓடுகிறது. திங்கள்கிழமை நீலம், புதன்கிழமை சிவப்பு. அப்போதெல்லாம் யாருக்கும் இந்த வார்த்தை வாயில் வரவில்லை. நான் இரண்டு வாக்கியம் பேசினேன், மாசுபட்டுவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

அக்கா போன். வணக்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. "அந்தக் கேள்வித்தாள் இருக்கா?"

"டேப்லெட்டப் பிடுங்கிட்டாங்க. எதுக்கு?"

"பாதிக் கேள்வி பைத்தியக்காரத்தனம். ஆனா எந்த வீட்ல எவ்வளவு ஒசரம் தண்ணி வந்துச்சு, யாரால எழுந்து நடக்க முடியாது, அந்த மாதிரி சிலது நல்லாத்தான் இருந்துச்சு. கடைசி வீட்டுல அந்தப் பெரியவர் ஒரு வருஷமா படுத்த படுக்கையாம். உன் தபால்காரர் கேட்டப்பதான் எனக்கே தெரியும். இருபத்தாறு வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன்."

பிறகு, "வேலை போயிடுச்சாமே" என்றாள்.

"ஆமா."

"ஞாயித்துக்கெழம சும்மாத்தான் இருப்ப. வா."

ஏப்ரல் 6, ஞாயிறு

தொண்ணூற்று நான்கும் மனப்பாடம். அக்கா சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் எழுதி, வேண்டாததை அடித்தாள். பதினொன்று மிஞ்சியது. தாங்கு நம்பிக்கை முதல் சுற்றிலேயே போயிற்று. கடைசியில் ஒரு கட்டம் மட்டும் அவள் சேர்த்தாள்: நடக்க முடியாதவர் வீடானால், யார் வந்து தூக்குவது? இரண்டு பேர் பெயர் வேண்டும்.

தொப்பியின் வட்டங்கள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. எனக்கும் பத்தொன்பது வருடத்தில் தோன்றவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

உலகத்திலேயே மோசமான கணக்கெடுப்பாளர் என் அக்காதான். கேள்வியை முடிக்குமுன் பதிலை அவளே சொல்கிறாள். "இடுப்பு வரைக்குமா? பொய் சொல்லாதீங்க, முழங்கால்தான், நான் பாத்தேன்." பதில் சொல்கிறவரோடு சண்டை. நான் தலையில் அடித்துக்கொண்டு பென்சிலால் இரண்டு எண்ணையும் எழுதினேன்.

தபால்காரர் இன்று தானாக வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தால் மனைவி அலமாரி துடைக்கச் சொல்கிறாராம்.

மே 11, ஞாயிறு

தெரு ஆட்கள் குழாயைச் சுத்தம் செய்தார்கள். ஒரு மெத்தை, பாதி சைக்கிள், எண்ணவே முடியாத பிளாஸ்டிக். நானும் இறங்கினேன். அரைமணியில் இடுப்பு பிடித்துக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்தேன். "அதிகாரிக்கு நாற்காலி போடுங்கப்பா" என்று அக்கா சேற்றுக்குள்ளிருந்து கத்தினாள்.

மே 14, புதன்

தெரு வரைபடம், பட்டியல், எல்லாவற்றையும் நகராட்சிப் பொறியாளரிடம் கொண்டுபோனோம். புரட்டிப் பார்த்தார். "இது யாரு எடுத்தது? அதிகாரப்பூர்வமானதா?"

"தண்ணி அதிகாரப்பூர்வமாத்தான் வருதா சார்?" என்றாள் அக்கா.

வாங்கி வைத்துக்கொண்டார். அதன் மேல் டிபன் பாக்ஸை வைத்தார்.

ஜூன் 19, வியாழன்

காலை பத்து மணிக்கு ஆரம்பித்த மழை. பதினொன்றரைக்கு அக்கா போன்: "கடைசி வீட்டுப் பெரியவரத் தூக்கியாச்சு. பட்டியல்ல இருந்த மத்த ரெண்டு வீடும் ஆச்சு. நீ வராத, பஸ் இல்ல." பின்னால் ஒரே சத்தம். யாரோ யாரையோ திட்டுகிறார்கள். நான் ஜன்னலோரம் நின்றேன். எட்டாவது மாடி. கீழே தெரு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. பட்டியலின் நகல் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூன்று மணிக்குத் தண்ணீர் அவள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

பஸ் ஓடியதும் போனேன். மேற்குக் கரையில் கணுக்காலுக்கு மேல் வந்து, காலையிலேயே குழாய் வழியாக வடிந்துவிட்டது. எல்லாரும் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கிழக்குக் கரை இடுப்புத் தண்ணீரில் அப்படியே நிற்கிறது. பம்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அடிப்படை மதிப்பீட்டு அறிக்கை இன்னும் ஒப்புதலில் இருக்கிறதாம். அதுவரை ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாதாம்.

இதை நினைத்து எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஒரு வீட்டு மாடிப்படியில் அந்தத் தையல்காரர் மெஷினின் தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 29, ஞாயிறு

எங்கள் தாளோடு கிழக்குக் கரையில் பதினேழு வீடு முடித்தோம். நான், அக்கா, தபால்காரர். ஒரு பெண் கதவைப் பாதி திறந்து, பிடித்தபடியே நின்றாள். பின்னால் கட்டிலில் அவள் மாமியார், நடக்க முடியாதவர். "மூணு மாசம் முன்னாடியே வந்து எல்லாம் எழுதிட்டுப் போனீங்களே. ஒண்ணும் வரல. இப்ப இதுல எங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காதும்மா" என்றேன். "தண்ணி வந்தா உங்க மாமியாரத் தூக்க யாரு வருவாங்கன்னு ரெண்டு பேரு தெரியும். அவ்வளவுதான்."

"யாரு வருவாங்க?"

நான் தபால்காரரைப் பார்த்தேன். அதற்குள் அக்கா பேசிவிட்டாள். "ஒண்ணு நான். இன்னொண்ணு இவ. மேகம் கறுத்தாலே என் வீட்டுக்கு வந்துடுவா."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போது கேட்டிருக்கிறாள்? உள்ளே அந்தக் கிழவி நல்ல கனம் — தெரிகிறது. என் இடுப்பு இன்னும் சரியாகவில்லை. தாளைப் பலகையில் வைத்து, அக்கா பெயரை எழுதி, அதன் கீழே என் பெயரையும் எழுதினேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்து, எழுத்து சரியாக இருக்கிறதா என்று படித்துவிட்டு, கதவை முழுக்கத் திறந்தாள்.