ஒன்பது போட்டவள் ஆறு போட்டது ஏன்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நலம் என்றால் என்ன என்றே ஆராய்ச்சி செய்கிறவளிடம் அதைச் சட்டென்று எழுதிவிட முடியுமா? ஆகவே, என் பிள்ளைக்கு, அதுதான் உன் புருஷனுக்கு, சளி விட்டுவிட்டது, குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நீ அனுப்பிய செய்தியை அவன் படித்துக் காட்டினான். எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லாரையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தாயே, ஆறு மாதம் கழித்து எங்கள் திருப்தி மதிப்பெண் இறங்கிவிட்டதாம். முயற்சி தோற்றுவிட்டது என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்கிறாய். எனக்குக் கோபம்தான் வந்தது.

வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று நீ கேட்ட முதல் படிவத்தில் பத்துக்கு ஒன்பது போட்டவள் நான். அப்போதெல்லாம் இயந்திரம் ஓட ஓட, ஆளுக்கொரு மூலையில் நின்றபடியே சாப்பிடுவோம். யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டோம். கேட்க ஆளில்லாத இடத்தில் ஒன்பது போட என்ன கஷ்டம்?

நீ மேலாளரிடம் மல்லுக்கு நின்று அரை மணி நேரம் இயந்திரங்களை நிறுத்த வைத்தாய், மேசை போட வைத்தாய். முதல் வாரம் உப்பு, உறைப்பு பற்றித்தான் பேச்சு. ஒருநாள் இஸ்திரிக்காரி, நீ எத்தனை போட்டே என்றாள். ஒன்பது என்றேன். "மிச்சம் ஒண்ணு எங்கடி போச்சு?" என்று கேட்டுவிட்டாள். உன் மாமா கண்மூடிய நாளிலிருந்து ஆரம்பித்தேன். மணி அடித்தும் நிறுத்த முடியவில்லை. பதினொரு வருஷமாக அழாத அழுகை. அவள் தட்டில் சாப்பாடு காய்ந்தே போனது. மறுநாள் அவள் தன் கதையைச் சொன்னாள்.

இரண்டாவது படிவம் வந்தபோது பொய் எழுதக் கை வரவில்லை. ஆறு போட்டேன். போட்டுவிட்டு எவ்வளவு லேசாக வேலைக்குப் போனேன் தெரியுமா?

வெங்காயம் நறுக்கிக்கொண்டே நீ ஒருமுறை சொன்னாய்: உளவியல் எப்படி இருக்கிறாய் என்று கேட்கும், தத்துவம் எப்படி இருந்தால் நல்லது என்று கேட்கும், இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று. உட்கார வைத்துவிட்டாய், பெண்ணே. பத்தாவதோடு நின்ற எனக்கே அது தெரிகிறது. உன்னை நினைத்தால் பெருமை தாங்கவில்லை.

இந்தக் கடிதத்தை அப்படியே பேராசிரியரிடம் காட்டு. எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள், அந்த ஆறை மட்டும் திருத்தாதே.

முடிக்காமல் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். என் பிள்ளை ஓடிவந்து திறப்பான், அது வேறு விஷயம். முடித்துவிட்டு வா. வந்து என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபடி அதே கேள்வியை இன்னொரு தடவை கேள். என்ன போடுவேன் என்று எனக்கு இப்போதே தெரியும்.

நன்றாக இரு, கண்ணு.

உன் அத்தை