சிவப்புக்குள் நம் வீதி

அண்ணை,

நான் உடுப்புக்கொடியில் விட்டுவிட்டுப் போன துவாயை இன்றுதான் எடுத்தேன். புகை மணம் அப்படியே ஏறியிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பின்படியில் வெகுநேரம் இருந்தேன். இந்தக் கோடையும் காடு எரிந்தது. நீங்கள் போனபின் வந்த முதல் தீ.

பெர்லினுக்குத் தெற்கே, பைன் காட்டோரம் நீங்கள் வாங்கிய வீடு. கீழே நீங்கள், மேல்மாடியில் வாடகைக்கு நான். அந்த ஊரில் தமிழர் நாம் இருவர்தான். தீயணைப்பு நிலையத்தில் காட்டுத்தீ அபாய வரைபடத்தை விளக்கக் கூட்டம் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? சுவரில் மாட்டிய படத்தில் நம் வீதி முழுக்கச் சிவப்பு. வீட்டு விலை விழுந்துவிடும் என்று முன்வரிசையில் சத்தம். நீங்கள் எழுந்து, நம் வீடு எரியுமா என்று மட்டும் கேட்டீர்கள்.

வனத்துறையிலிருந்து வந்த பெண் பொறுமையாகச் சொன்னார். எரியும் என்று சிவப்பு சொல்லவில்லை. தீ பிடித்தால் இங்கே வேகமாக வரும், அணைப்பது கடினம் என்கிறது. காட்டு வாசலில் மாட்டும் தீ அபாய எண் அன்றன்றைய வெயிலையும் காற்றையும் பொறுத்து மாறும். படத்தின் நிறமோ மரத்தையும் மண்ணையும் பாதையையும் பார்த்துப் போட்டது. ஒரு மழைக்கு மாறாது. உலகப்போரில் வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடப்பதால் தீயணைப்பாளர்கள் உள்ளே இறங்கவும் முடியாது.

"எங்கடை ஊரிலை மாதிரி இஞ்சையுமோ?" என்று என் காதுக்குள் கேட்டீர்கள்.

அவர் கடைசியாக நம் வீதியை விரலால் தொட்டுக் காட்டினார். வெளியேற ஒரே பாதை, அதுவும் சிவப்புக்குள்ளால். போகச் சொன்னால் உடனே போய்விட வேண்டும் என்றார். மறுநாளே கூரைப் பீலியில் அடைந்த பைன் ஊசியிலைகளை அள்ளினோம். சுவரோடு அடுக்கியிருந்த விறகைத் தூர மாற்றினோம்.

அடுத்த ஆண்டே தீ வந்தது. காவல்துறை வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது. நான் பையோடு கீழே இறங்கினால், நீங்கள் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"நீ போ. நான் சண்டைக்குள்ளை ஒருக்கா வீட்டை விட்டிட்டு ஓடி வந்தனான். இன்னொருக்கா ஏலாது."

"ரோட்டு மறிபட்டா பிறகு போகேலாது அண்ணை. அந்த வனத்துறைப் பிள்ளை சொன்னதெல்லே?"

"எனக்கு விளங்கினது. நீ போ."

"நீங்கள் வராட்டி நானும் போகேல்லை." நான் கதிரையை இழுத்துப் போட்டு உங்கள் முன்னால் இருந்துவிட்டேன். யன்னலுக்கு வெளியே வானம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பிறகு "விசரன்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து அடுப்பை அணைத்தீர்கள். கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டீர்கள்.

காற்றுத் திரும்பியதால் ஊர் தப்பியது. திரும்பி வந்தபோது திறப்பைப் போட்டுத் திருப்பினீர்கள், கதவு திறந்தது. உள்ளே தேத்தண்ணிக் கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. நீங்கள் வாசலில் நின்று, சிறுபிள்ளை போல் விம்மி அழுதீர்கள்.

"பூட்டிப்போட்டுப் போன வீட்டுக்கு நான் திரும்பி வாறது இண்டைக்குத்தான் முதல்தரமடா."

அடுத்த மாரிக் குளிரில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. இந்த வீட்டிலேயே இருக்கச் சொல்லி பான் நகரத்தில் இருக்கும் உங்கள் மகள் சொன்னாள், இருக்கிறேன். பீலியை நானே துப்புரவாக்குகிறேன். ஏணியைப் பிடிக்கத்தான் ஆளில்லை.

இந்த முறை வண்டியின் சத்தம் கேட்டதுமே கிளம்பிவிட்டேன், அண்ணை. தயங்கவே இல்லை. அந்தப் பழக்கம் அன்றைய தீயில் உங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போன நாளில் வந்தது, இனி விடாது.

வெளியேறியவர்களைத் தங்கவைத்த பாடசாலை மண்டபத்தில் பெயர் பதிந்த பெண், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். ஒருவர் என்றேன். ஜெர்மன் மொழியில் அது லேசாக வாயில் வந்துவிட்டது. தமிழில் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்: வீட்டில் நான் மட்டும்தான், அண்ணை.