இறக்கிய சுருதி

சனிக்கிழமை இரவு

கிள்ளானில் ஒரு கல்யாண டின்னர். என்னை ஊரறிய வைத்த பாட்டில் மேலே போகும் வரி இப்போதெல்லாம் எனக்கு எட்டுவதில்லை. ஒத்துக்கொள்ளவே எரிச்சலாக இருக்கிறது. கீபோர்டு அண்ணனிடம் ரகசியமாகச் சுருதியை இறக்கச் சொல்லிவிட்டுப் பாடினேன். மண்டபமே கூடச் சேர்ந்து பாடியது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே பாடினேன்.

மேடையை விட்டு இறங்கியதும் மாப்பிள்ளையின் அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு கீ இறக்கிட்டீங்கதானே?"

நான் கீபோர்டு அண்ணன் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"உங்க பாட்டக் கார்ல போட்டுக் கூடவே பாடுவேன். அந்த வரி வந்தா வாய மூடிக்குவேன். இன்னிக்குத்தான்லா கடைசி வரைக்கும் பாடினேன்."

திங்கட்கிழமை பார்க்கப்போகும் தொண்டை டாக்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். இனி இந்தச் சுருதிதான்.