நிறம் கூடிய மாதம்

1962 டிசம்பர் 9

இல்லை, வருத்தமில்லை. தங்கை வடிவுக்கு முதலில் கல்யாணம் ஆகிறது என்பதில் எனக்கு ஒன்றுமில்லை. கேட்பவர்கள்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியை விழுங்குகிறார்கள். சங்கடம் அதில்.

அவளுக்கு இருபது. எனக்கு இருபத்துநாலு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவந்தேன். இங்கே பிறந்தும் பிரஜாவுரிமை இல்லை, ஆகவே அரசாங்க வேலையும் இல்லை. டயகமவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன். இப்படி ஒருத்திக்கு மாப்பிள்ளையை எங்கே போய்த் தேடுவது? அப்பா தேடிப் பார்த்துக் களைத்துவிட்டார். வடிவுக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. வட்டவளையில் தேயிலை ஸ்டோரில் மெஷின் ஓட்டுகிற கணேசமூர்த்தி. தை இருபத்துநாலு, புதன்கிழமை.

மாப்பிள்ளையின் தாயார் போகும்போது வாசல்படியில் நின்று சொன்னது: "பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு. நெறந்தான் கொஞ்சம் மட்டு."

அம்மா இன்று பகல் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அரிசி களையும்போதும்.

டிசம்பர் 11

வடிவு இனிக் கொழுந்து பறிக்கப் போகவேண்டாம் என்று முடிவாயிற்று. கல்யாணம் வரை வெயில் படக்கூடாது.

பொறுப்பு என் தலையில். "நீதான் படிச்சவ. டவுன் பொண்ணுங்க என்னென்ன பூசுவாங்கன்னு ஒனக்குத்தானே தெரியும்" என்றாள் அம்மா.

பேராதனையில் நான் அதைத்தான் படித்தேன் போலும்.

டிசம்பர் 14

பயத்தம்மாவு, கஸ்தூரி மஞ்சள், பாலாடை. காலையில் முகத்துக்கு, மாலையில் கழுத்துக்கும் கைக்கும். விரல்களுக்கு மட்டும் எலுமிச்சைத் தோல். ஏழு வருஷக் கொழுந்துக் கறை. நகக்கண் வரை கறுப்பு. நான் படித்த வருஷங்களில் அவள் பறித்தது. இதை நினைக்காமல் தேய்க்க முடியவில்லை.

"மெதுவாக்கா. கைய உரிச்சு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்போறியா?"

கறை போன இடத்தில் நகம் வெள்ளையாக, நடுவில் சற்றுக் குழிந்து இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும். அதை அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 20

அம்மா இன்று விளக்கை அவள் முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். "வெளுக்குதுடி."

டிசம்பர் 27

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பரா நல்லமுத்தக்கா, வடிவு பச்சரிசி தின்பதைப் பிடித்துவிட்டாள். கூப்பன் அரிசி, மடியில் ஒரு கைப்பிடி.

"அரிசி திங்காத புள்ள. கல்யாணத்தன்னிக்குப் பேய்மழை கொட்டும். பந்தல் நனைஞ்சா ஒன்னையத்தான் புழிஞ்சு காயப்போடணும்."

எல்லோரும் சிரித்தோம். வடிவு வாயைப் பொத்திக்கொண்டு மென்றாள். அவளால் நிறுத்த முடியவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேனா? போனபிறகு மறுபடியும் பானையில் கை போட்டாள். "என்னமோ தெரியலக்கா. வாய் கேக்குது."

1963 ஜனவரி 5

மாப்பிள்ளையின் தாயார் கூறைச் சேலையின் நிறம் பொருந்துமா என்று பார்க்க வந்தார். துணியை வடிவின் தோளில் போட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இது அந்தப் புள்ளையா? என்னத்தப் பூசினீங்க?"

அம்மா என்னைக் கை காட்டினாள். "மூத்தவ கைவேலைங்க."

"கன்னமும் வச்சிருக்கு. பூசுனாப்புல இருக்கு."

ஒப்புக்கொள்கிறேன், சந்தோஷமாக இருந்தது. நான் தொட்டு ஒன்று நன்றாக வந்திருக்கிறது என்று இந்த லயத்தில் யாரும் இதுவரை சொன்னதில்லை.

ஜனவரி 7

மூன்று பெண்கள் வந்து மாவின் அளவு கேட்டார்கள்.

ஜனவரி 15

பொங்கலுக்கு மறுநாள் கோயிலுக்கு ஏறினோம். பாதி வழியில் வடிவு தேயிலை மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். கூடை நிறையக் கொழுந்தோடு தினம் நாலு தரம் ஏறிய மேடு. உதடு திறந்திருந்தது. கழுத்தில் நரம்பு துடிப்பது தெரிந்தது.

"கல்யாணப் பயம்" என்றாள் அம்மா. "எனக்கும் இப்பிடித்தான் நெஞ்சு அடிச்சுக்கிச்சு."

இருக்கலாம். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் கங்காணி ஐப்பசியிலேயே சொன்னாராம், வடிவின் கூடை இளைக்கிறது என்று. மாப்பிள்ளை பேச்சே எடுக்காத மாதம் அது.

ஜனவரி 30

ரவிக்கையைப் போட்டுப் பார்த்தோம். சரி. அடுத்து கொலுசு. கார்த்திகையில் அளவு பார்த்து வாங்கியது. கொக்கி எட்டவில்லை.

"சதை போட்டிருக்கு, வேறென்ன?" என்றாள் நல்லமுத்தக்கா. "வேலைக்குப் போகாம ஒக்காந்து திங்கிறால்ல. மகாராணி."

நான் தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துக்கொண்டேன். கொக்கியை இழுக்கக் கட்டை விரலால் கணுக்காலை அழுத்தினேன். விரலை எடுத்தேன். விரல் இருந்த இடத்தில் குழி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மேலே வரவில்லை.

வடிவும் பார்த்தாள். பாவாடையை இறக்கிவிட்டாள்.

ஜனவரி 31

பள்ளிக்கூடம் முடிந்து நேரே தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கிற துரைராசா ஐயா யாழ்ப்பாணத்தவர். கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். சாக்கடைக் கான் சுத்தமா என்று பார்க்க வந்தவர் போல லயத்துக்கு வந்தார். எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். செம்பைக் கொண்டுவந்த வடிவின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

திரும்பும் வழியில்: "பிள்ளை, இவவின்ர உடம்பில அரைவாசி ரத்தமும் இல்லை. இமைக்குள்ள கடதாசி மாதிரிக் கிடக்கு. கால் வீங்கினது நெஞ்சு களைச்சதால. உடன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. படி ஏற விடாதேயுங்கோ."

"புதன்கிழமை கல்யாணம் ஐயா."

"கலியாணத்துக்குப் பொம்பிளை உயிரோட வேணுமெல்லோ."

வெளுப்பு. பூசினாற்போலக் கன்னம். அரிசி. எல்லாம் ஒன்றுதான். ஒவ்வொன்றையும் நாங்கள் திருஷ்டி கழித்துக் கொண்டாடினோம்.

அதே நாள், பிறகு

அப்பாவிடம் சொன்னேன். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சீக்காளின்னு ஒரு சொல்லு வெளிய போனா முடிஞ்சுச்சு. இவளுக்கு அடுத்தாப்புல எவனும் வரமாட்டான். தாலி ஏறட்டும். மறுநாளே மாப்பிள்ளைகிட்டச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்."

"அதுவரைக்கும் தாங்காட்டி?"

பதில் அம்மா சொன்னாள். சத்தம் போடவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"மூத்தவ நீ நிக்கிற. அவளுக்கு ஆகுதேன்னு ஒனக்கு வயிறெரியுது."

எழுதிவிட்டேன். எழுதினால் சிறிதாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

பிப்ரவரி 1

பந்தக்கால் நட்டார்கள். இனிப் பெண் வாசல் தாண்டக்கூடாது.

எரிகிறதா எனக்கு? உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். வடிவு போய்விட்டால் நான் மட்டும் மிச்சம். அது தெரியும். அவளுடைய கூறைச் சேலையை நான் தடவிப் பார்த்தபோது ஒரு கணம்... ஆமாம், ஒரு கணம். ஆனால் அந்தக் குழியை நான் கற்பனை செய்யவில்லையே. விரலை எடுத்தபோது அது இருந்தது. என் ஆசைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இன்று ஒரு நாள் பேசாமல் இருந்தேன். இன்று ஒரு நாள் நல்ல மகள்.

பிப்ரவரி 2

காலையில் நலங்கு. மனையில் உட்காரவைத்து மஞ்சள் பூசினார்கள். வடிவு தலை குனிந்திருந்தாள். வெட்கம் என்று கேலி செய்தார்கள். மூச்சு வாங்குவதற்காகக் குனிந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாவது பெண் மஞ்சள் வைக்கும்போது பக்கவாட்டில் சாய்ந்தாள். "மஞ்சக் கிறக்கம்" என்று யாரோ சொல்லி, சிரித்து, தூக்கி உட்காரவைத்தார்கள்.

நான் எழுந்து வெளியே வந்தேன். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

பஸ் ரோடு மேலே இருக்கிறது. அவளால் ஏற முடியாது. சத்தமில்லாமல் கூட்டிப்போக வழியே இல்லை. தோட்டத்து லொறிதான். அது வந்தால் எட்டு லயமும் பார்க்கும், இருட்டுவதற்குள் வட்டவளைக்குத் தெரியும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் ஓடினேன். தெரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்லிக்கொள்ள முடியாது.

துரைராசா ஐயா லொறிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

கொழுந்து லொறி பந்தல் முன்னால் வந்து நின்றது. வாழைமரத்தில் ஒன்று அதன் பக்கப் பலகையில் உரசி ஒடிந்தது. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வடிவு என் கையைப் பிடித்தாள். கை ஐஸ் மாதிரி. "வேணாக்கா. நாலே நாளுக்கா. நாலு நாளைக்கு மட்டும் என்னய விட்ருக்கா. அதுக்கப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போ."

நான் அவளைத் தூக்கினேன். பாரமே இல்லை. அவ்வளவு சதை போட்டிருந்தாள் என்றார்களே.

பிப்ரவரி 3, ஆஸ்பத்திரி

கொக்கிப்புழு. வெறுங்காலோடு மலையில் நிற்கிறவர்களுக்கு வருவதாம். வருஷக்கணக்காக உள்ளே இருந்து ரத்தம் குடித்திருக்கிறது. சிங்கள டொக்டர், இளைஞர். அவள் முகத்து மஞ்சளை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். மஞ்சளுக்கு அடியில் இருந்தது நிறமே இல்லை.

புதன்கிழமை வரை தாங்கியிருக்குமா என்று கேட்டேன். தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம் என்றார். வேறு ஒரு பதிலுக்காக நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 6

தை இருபத்துநாலு, புதன்கிழமை. இரண்டாவது போத்தல் ரத்தம் ஏறுகிறது. வடிவு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 10

அப்பா வந்தார். கமலாப்பழம் கொண்டுவந்தார். வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னார்: கணேசமூர்த்திக்குக் குறித்த முகூர்த்தத்திலேயே தாய்மாமன் மகளைக் கட்டிவைத்துவிட்டார்களாம். "சமைக்க அரிசி பருப்பெல்லாம் வாங்கியிருந்தாங்கல்ல" என்றார், அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறவர் போல.

வடிவிடம் யார் சொல்வது? நான் உள்ளே போனபோது அவள் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல், "கேட்டுச்சு" என்றாள்.

மார்ச் 2

வீடு. வடிவு பாயை அம்மா பக்கம் போட்டுக்கொண்டாள். என்னோடு பேச்சில்லை. "அவங்களச் சாப்பிடச் சொல்லும்மா" என்கிறாள். அவங்க என்பது நான்.

மார்ச் 21

மறுபடி கொழுந்துக்குப் போகிறாள். இருட்டோடு எழுந்து, கம்பளியைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல்.

ஏப்ரல் 25

மூச்சு வாங்குவதில்லை. கால் வீக்கம் இல்லை. நேற்று கங்காணி எல்லோர் முன்னாலும் அவள் கூடையை மெச்சினாராம்.

கறுத்துவிட்டாள். முழங்கை, கழுத்து, கன்னம் எல்லாம் பழைய நிறம். தண்ணீர்ப் பீலிக்கரையில் பெண்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. "பாவம், கல்யாணம் நின்ன ஏக்கம். எப்பிடி இருந்த புள்ள, எப்பிடிக் கறுத்துப்போச்சு." நான் போனதும் பேச்சு நிற்கிறது.

மே 18, சனி

நாளை கந்தப்பளையிலிருந்து வடிவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை பெண்சாதி இறந்தவர், ஒரு பிள்ளை. அம்மா என்னிடம் வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு நீ வீட்ல இல்லாம இருந்தா நல்லதும்மா. ஒன்னயப் பாத்தா பழசக் கிண்டுவாங்க."

அம்மா என்னை "அம்மா" என்று கூப்பிட்டு எத்தனை காலம். சரி என்றேன்.

சாயங்காலம் இஸ்தோப்புத் திண்ணையில் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். வடிவு வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் எழுந்து போய்விடுவாள் என்று பட்டது.

"அன்னிக்கு லொறியில ஏத்துனப்ப, டைவர் பக்கத்துக் கண்ணாடியில என் மூஞ்சி தெரிஞ்சுச்சு" என்றாள். "ஒரு தடவதான் பாத்தேன். மஞ்ச பூசி, பூ வச்சு. நானான்னு இருந்துச்சு."

நான் சிவப்பு மையை மூடினேன்.

"பொய் சொல்லக் கூடாது. அழகா இருந்தேனாக்கா?"

எனக்கு அந்த முகம் தெரியும். துணியால் துடைத்தவள் நான். காகித உதடு, வீங்கிய கண், நிறமற்ற நிறம். சொல்லியிருக்கலாம். அது நோயடி, அழகில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"இருந்தே" என்றேன்.

பொய்யில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு தன் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாருடைய கையையோ பார்ப்பதுபோல. அம்மா கூப்பிட்டாள். போய்விட்டாள்.

மே 19, ஞாயிறு

முதல் பஸ்ஸில் ஏறி அக்கரப்பத்தனையில் இறங்கினேன். கடையில் பிளேன்டீ குடித்தேன். மழை. கடைசி பஸ் வரும்வரை நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன்.